நோட்டா, எக்செலா, மாத வாடகை மென்பொருளா: பேட்டைக் குடோனில் நாங்கள் பார்த்த கணக்கு

"ஏல மருமவனே, ஒன் கம்ப்யூட்டரு முக்கூடல்ல எப்ப கொடைன்னு சொல்லுமால?"

கொடை என்றால் எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழா. மாமா கேட்ட இந்தக் கேள்விக்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. சரக்குத் திட்டமிடலுக்கு ஒரு மென்பொருள் வாங்கலாமா வேண்டாமா என்று மூன்று மாதமாக வீட்டில் ஓடிக்கொண்டிருந்த பேச்சு, இந்த ஒரு கேள்வியால்தான் சரியான தடத்துக்கு வந்தது.

மாமாவுக்குத் திருநெல்வேலிப் பேட்டையில் பலசரக்கு ஏஜென்சி. பிஸ்கட், சோப்பு, மசாலா, சேமியா, தீப்பெட்டி, கற்பூரம், அப்பளம் என்று அறுநூறு உருப்படி வரும். கடைகளுக்குச் சரக்குப் போடும் லைன் மூன்று, குட்டியானை வண்டி இரண்டு. அம்பை லைன் சுத்தமல்லியில் தொடங்கி பத்தமடை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி என்று போய் விக்கிரமசிங்கபுரத்தில் முடியும். ஆலங்குளம் லைன் முக்கூடலையும் சேர்த்துக்கொண்டு பாவூர்சத்திரம் வரைக்கும். மூன்றாவது நாங்குநேரி, ஏர்வாடி, வள்ளியூர். எந்தச் சரக்கை எவ்வளவு, எப்போது வாங்கிப் போடுவது? நாற்பது வருடமாக இதற்குப் பதில் மாமாவின் தலைக்குள்தான் இருந்தது. கணக்கு எழுதுகிறவன் என்பதால் அதை வெளியே எடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

எங்கள் முன்னால் நான்கு வழி இருந்தன. இருக்கிறபடியே நோட்டும் மாமாவும். பில் போடும் கணக்கு மென்பொருளான டேலியில் ஏற்கனவே கிடக்கும் விற்பனைக் கணக்கை எக்செலுக்கு எடுத்து நாங்களே பார்த்துக்கொள்வது. மாத வாடகைக்குக் கிடைக்கும் மென்பொருள். அதுவே கணித்து அதுவே ஆர்டர் போடும் என்கிறார்கள். கடைசியாக, பெரிய கம்பெனிகள் ஏஜென்சிகளுக்குத் தாங்களே கொடுக்கும் செயலி சொல்லும் ஆர்டரை அப்படியே ஏற்றுக்கொள்வது.

பிக் டேட்டா, அதாவது மலையாகச் சேர்ந்த கணக்கை அலசிச் சொல்வது, என்ற பெயரில் விற்கப்படும் எதைப் பற்றியும் முடிவெடுக்குமுன், அது பிறந்த இடத்தில் ஏன் வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது. 1974 ஜூன் 26 அன்று அமெரிக்காவின் ஒகையோவில் டிராய் என்ற ஊரில் ஒரு சூயிங்கம் பாக்கெட்டைத்தான் முதன்முதலில் பார்கோடு வைத்துக் கல்லாவில் ஸ்கேன் செய்தார்கள். அதன்பின் கொஞ்சம் கொஞ்சமாக அங்கே வாடிக்கையாளர் கையில் எடுத்த ஒவ்வொரு பொருளும் நேரத்தோடு பதிவாகத் தொடங்கியது. முப்பது வருடம் கழித்து, 2004-ல் ஃபிரான்சிஸ் புயல் ஃபுளோரிடாவை நெருங்கும்போது, வால்மார்ட் என்ற பெரிய அமெரிக்கச் சங்கிலிக்கடைக்காரர்கள் சில வாரம் முன்பு வந்த சார்லி புயலின்போது என்ன விற்றது என்று தங்கள் கணக்கைப் புரட்டினார்கள். டார்ச் லைட், தண்ணீர் பாட்டில் எல்லாம் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது, ஸ்ட்ராபெர்ரி பாப்டார்ட் என்ற ஒருவகை இனிப்புத் தின்பண்டம் வழக்கத்தைவிட 7 மடங்கு போயிருந்தது. லாரி லாரியாக அதை அனுப்பினார்கள், விற்றது.

இந்தக் கதையை மென்பொருள் விற்க வந்த தம்பியும் சொன்னார். கதை உண்மைதான். ஆனால் அதில் வரும் கல்லாவும் வீரவநல்லூர் அண்ணாச்சிக் கடைக் கல்லாவும் ஒன்றல்ல. அண்ணாச்சி மரப்பெட்டியில் ரூபாயைப் போடுகிறார். இப்போது பக்கத்திலேயே ஒரு ஸ்பீக்கர் பெட்டி, "நாற்பத்தைந்து ரூபாய் பெறப்பட்டது" என்று கத்துகிறது. நாற்பத்தைந்து ரூபாய்க்கு எதை வாங்கினார்கள் என்று அதற்கும் தெரியாது. எங்களுக்குத் தெரிவதெல்லாம் நாங்கள் கடைக்குப் போட்ட பில். கடையிலிருந்து வீட்டுக்குப் போனது எங்கேயும் எழுதப்படவில்லை. நாங்கள் பிக் டேட்டா என்று பேசத் தொடங்கும்போதே பாதி டேட்டா கையில் இல்லை.

சரி, வழிகளுக்கு வருகிறேன்.

மாமாவின் தலை என்பது லேசுப்பட்ட விஷயம் அல்ல. முக்கூடல் பக்கம் பீடிச் சம்பளம் என்றைக்குப் போடுகிறார்கள், அதற்கு மறுநாள் கடைகளில் என்ன போகும், பாபநாசம் அணை 143 அடியை எட்டினால் பிசான நெல்லுக்குத் தண்ணீர் தட்டாது, அறுப்பு முடிந்து தை மாசிக்குமேல் அம்பை லைனில் பாக்கி எப்படி வசூலாகும், பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்கு வரும் சென்னை, மும்பைக் கூட்டம் எந்தெந்த ஊரில் இறங்கும்... இதெல்லாம் ஒரே ஓட்டத்தில் வரும். பாளையங்கோட்டைப் பக்கம் சர்ச் விருந்தான அசனம், மேலப்பாளையத்தில் நோன்பு, தென்காசியில் சாரல் சீசன் என்று தனித்தனிக் காலண்டர்கள் அவருக்குள் ஓடுகின்றன. நோன்பு ஒவ்வொரு வருடமும் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகரும் என்பதற்கு அவர் ஃபார்முலா எதுவும் போடுவதில்லை. சேமியாவை முன்கூட்டியே இறக்கிவிடுவார், அவ்வளவுதான்.

குறை என்ன? போன வருடம் அவருக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள். இரண்டு வாரம் குடோனுக்கு வரவில்லை. மூன்றாம் நாளே தீப்பெட்டி தீர்ந்தது. ஐந்தாம் நாள் யாரோ பயந்துபோய் சோப்பை இரண்டு லோடு போட, நடக்க இடமில்லாமல் பெட்டிகள் வாசல் வரைக்கும் வந்துவிட்டன. அத்தை ஃபோனைக் கொண்டுபோய்க் காதில் வைக்க, கண்ணில் கட்டோடு படுத்துக்கொண்டு மாமா ஆர்டர் சொன்னார். அந்த வழியை நம்பி இன்னும் பத்து வருடம் ஓட்ட முடியாது என்பது அன்றைக்கே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

மாத வாடகை மென்பொருளை 2024 டிசம்பரில் ஒரு மாதம் இலவசமாக ஓட்டிப் பார்த்தோம். டேலியில் இருந்த இரண்டு வருடக் கணக்கை ஊட்டினோம். திரை பார்க்க அழகு. பச்சை, மஞ்சள், சிவப்பு. முதல் வாரம் அது சொன்னது பெரும்பாலும் சரியாகவே இருந்தது, மாமாவே இரண்டு தரம் தலையாட்டினார். மூன்றாவது வாரத்துக்கு அது கொடுத்த ஆர்டரைப் பார்த்துத்தான் குடோனே சிரித்தது. பிஸ்கட்டைப் பாதியாகக் குறை, ப்ளீச்சிங் பவுடரையும் மெழுகுவர்த்தியையும் பல மடங்கு ஏற்று என்றது.

காரணம் எங்களுக்குத் தெரியும். 2023 டிசம்பர் 17, 18 இரண்டு நாள் பெய்த மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் கொட்டியது. தாமிரபரணி ஊருக்குள் வந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் ரயில் ஜனங்களோடு நின்றுபோனது. எங்கள் வண்டி ஒரு வாரம் நகரவில்லை, அதனால் பிஸ்கட் விற்கவில்லை. தண்ணீர் வடிந்ததும் வீடுகளைக் கழுவ ப்ளீச்சிங் பவுடரும் கரண்ட் இல்லாததால் மெழுகுவர்த்தியும் பறந்தன. மென்பொருள் அதை டிசம்பரின் குணம் என்று எடுத்துக்கொண்டது. வால்மார்ட்டுக்குப் புயல் கணக்கு அடுத்த புயலுக்கு உதவியது. எங்களுக்கோ, அது மழை என்றே தெரியாமல் அடுத்த வருட டிசம்பருக்குப் பயன்படுத்தப்பட்டது.

நியாயமாகச் சொன்னால் மென்பொருள்மீது பழி போட முடியாது. ஃபோன் போட்டுக் கேட்டதும், அந்த வாரத்தை விலக்கு என்று குறிக்க ஒரு பட்டன் இருப்பதைக் காட்டினார்கள். திருவிழா நாட்களைக் கையால் சேர்க்கவும் இடம் இருந்தது. ஆனால் அதைக் குறிப்பதற்கு யார் வேண்டும்? மாமாதான் வேண்டும். மாமா உட்கார்ந்து மூன்று லைனுக்கும் கொடை, அசனம், அறுப்பு, சம்பள நாள் எல்லாவற்றையும் சொல்லி நான் ஏற்றினால், அந்தப் பட்டியலை வைத்து எக்செலிலேயே முக்கால்வாசி வேலை முடிந்துவிடும்.

இதை வெறும் ஊர்ப் பிடிவாதம் என்று நினைக்க வேண்டாம். கணிப்பு ஆராய்ச்சியில் பெரிய பெயரான மக்ரிடாகிஸ் 2020-ல் நடத்திய எம்5 என்ற போட்டியில் வால்மார்ட்டின் உண்மையான விற்பனைக் கணக்கைக் கொடுத்து, அடுத்த 28 நாள் விற்பனையைக் கணிக்கச் சொன்னார்கள். 42,840 விற்பனைத் தொடர்கள், 5,507 அணிகள். ஒப்பீட்டுக்காக வைத்திருந்த பழைய எளிய முறைகளில் சிறந்ததைத் தாண்டியவர்கள் 7.5 சதவீதம் பேர் மட்டுமே. அந்த எளிய முறையின் சாரம் பள்ளிக்கூடக் கணக்குதான்: போன கணிப்பையும் நேற்று உண்மையில் விற்றதையும் ஒரு விகிதத்தில் கலந்து அடுத்ததைச் சொல்வது. அதேசமயம் முதல் இடங்களைப் பிடித்தவர்கள் அதை 20 சதவீதத்துக்கு மேல் முந்தினார்கள், அதுவும் பெரிய பாய்ச்சல்தான். கை தேர்ந்தவர்களிடம், ஒவ்வொரு பொருளும் பதிவான சுத்தமான கணக்கு இருந்தால் புதிய முறை ஜெயிக்கிறது. எங்களிடம் இரண்டும் இல்லை.

சுத்தமான கணக்கு என்றேன். இதில் நான் பட்ட பாட்டைச் சொல்லியே ஆக வேண்டும். ஷாம்பு பாக்கெட் சரமாக வரும். ஒரு சரத்தில் எத்தனை பாக்கெட் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பில் போடும் தம்பி ஒரு நாள் சரத்தில் போடுவார், ஒரு நாள் பெட்டியில், அவசரத்தில் ஒரு நாள் பாக்கெட்டில். அப்பளம் கட்டிலும் போகும் கிலோவிலும் போகும். பணம் சரியாக இருப்பதால் யாரும் கவலைப்படவில்லை. எண்ணிக்கையைக் கூட்டிப் பார்த்தால், கல்லிடைக்குறிச்சியில் ஒரே ஒரு கடை ஒரு மாதத்தில் ஊருக்கே பத்து வருடம் தலைகுளிக்கும் அளவு ஷாம்பு வாங்கியிருந்தது! இது எங்கள் ஊர் வியாதி மட்டும் அல்ல. டார்கெட் என்ற அமெரிக்கச் சங்கிலிக்கடை 2013-ல் கனடாவில் இறங்கியபோது, அங்குலமும் சென்டிமீட்டரும் குழம்பியது உட்படப் பொருள் விவரங்களில் ஏராளமான பிழைகள். குடோனில் சரக்கு குவிந்து கிடக்க, கடையில் தட்டுகள் காலியாக நின்றன. 2015 ஜனவரியில் 133 கடைகளையும் மூடுவதாக அறிவித்தார்கள். தோல்விக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் அலகைச் சரியாக எழுதாததற்குக் கொடுத்த விலை அதில் பெரிது.

அலகைச் சரிசெய்யவே எனக்கு இருபது நாள் ஆனது. எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் இந்த இருபது நாள் வேலை உண்டு. இதை விற்கவருகிறவர்கள் சொல்வதில்லை.

கம்பெனி செயலி சொல்லும் ஆர்டரை ஏற்கலாமே, காசும் கிடையாது என்று அத்தான் சொன்னார். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. மாதக் கடைசியில் என்ன நடக்கிறது என்று ஏஜென்சி நடத்துகிற எல்லோருக்கும் தெரியும். விற்பனை இலக்கை முடிக்க வேண்டும், ஸ்கீம் வரும், பத்துக்கு ஒன்று ஃப்ரீ. கடைக்காரர் மூன்று பெட்டி எடுக்கிற இடத்தில் பத்துப் பெட்டி எடுத்து உள்ளே அடுக்குவார். அடுத்த பதினைந்து நாள் அவரிடம் ஆர்டர் இல்லை. வாங்கித் தின்கிறவர் எப்போதும்போல ஒரே அளவில்தான் தின்றுகொண்டிருக்கிறார். ஆனால் கடை, ஏஜென்சி, டெப்போ, ஃபேக்டரி என்று மேலே போகப்போக அலை பெரிதாகிக்கொண்டே போகும். ப்ராக்டர் அண்ட் கேம்பிள் கம்பெனி தன் பேம்பர்ஸ் டயப்பரில் இதைக் கவனித்தது. குழந்தைகள் ஒரே சீராகத்தான் நனைக்கின்றன, ஆர்டர் மட்டும் ஏன் இப்படித் தாவுகிறது என்று. ஹௌ லீ, பத்மநாபன், வாங் ஆகிய மூவர் 1997-ல் எழுதிய கட்டுரையில் இதைச் சாட்டையடி விளைவு என்று விளக்கினார்கள். பிடியில் சின்ன அசைவு, நுனியில் பெரிய வீச்சு. இந்த வீச்சையே தேவை என்று படித்த செயலி, அடுத்த மாதக் கடைசியிலும் பத்துப் பெட்டி எடு என்றுதானே சொல்லும்? அதோடு, சரக்கைத் தள்ளிவிடுவதில் லாபம் உள்ளவர் எழுதிய கணக்கு அது. சீட்டை அவரே எழுதி மருந்தை அவரே விற்கிற கதை. கம்பெனி செயலியை ஆர்டர் அனுப்புவதற்கும் ஸ்கீம் பார்ப்பதற்கும் வைத்துக்கொண்டோம். அளவை அது சொல்ல வேண்டாம்.

ஆக எக்செல். இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை, ரொம்பச் சாதாரணமானது. டேலியிலிருந்து தினம் ராத்திரி விற்பனையை எடுத்து ஒட்டுகிறேன். அறுநூறு உருப்படிக்கும் மெனக்கெடவில்லை. பெரும்பங்கு பணம் புரளும் தொண்ணூறு உருப்படிக்கு மட்டும். உதாரணத்துக்குச் சேமியா. ஒரு நாளைக்குச் சராசரி 5 பெட்டி போகிறது, ஆர்டர் போட்டால் வந்து இறங்க 4 நாள். அந்த 4 நாளுக்கு 20 பெட்டி வேண்டும். விற்பனை ஏறினாலும் லாரி தாமதித்தாலும் தாங்க ஒரு 10 பெட்டி கையிருப்பு. கையில் 30-க்கு வந்ததும் கட்டம் சிவப்பாகும். அந்த 10 என்பது எல்லாச் சரக்குக்கும் ஒன்றல்ல. ஒரே சீராகப் போகும் தீப்பெட்டிக்குக் குறைவாகப் போதும், ஆடி அசைந்து போகும் மசாலாவுக்குக் கூட வேண்டும். பக்கத்துத் தாளில் ஊர்க் காலண்டர். கொடை நாள் வந்தால் அந்த லைனுக்குக் கற்பூரம், அப்பளம், காகித டம்ளர் எவ்வளவு கூட்ட வேண்டும் என்று மாமா சொன்ன எண்.

ஆனால் மொத்த ஏற்பாட்டிலும் உருப்படியான காரியம் எது என்று கேட்டால் எக்செலைச் சொல்ல மாட்டேன். லைன் தம்பிகளிடம் கொடுத்த நாற்பது பக்க நோட்டைச் சொல்வேன். அதன் பெயர் "இல்லை நோட்டு". கடைக்காரர் ஏதாவது கேட்டு, வண்டியில் இல்லை என்று சொல்ல நேர்ந்தால் அதை எழுத வேண்டும். தேதி, கடை, சரக்கு, எத்தனை. அவ்வளவுதான்.

ஏன் இது? எங்கள் 50 கிராம் சாம்பார்ப் பொடி ஒன்று டேலி கணக்கில் மாதாமாதம் இறங்கிக்கொண்டே வந்தது. மாதம் 8 பெட்டி, 6, அப்புறம் 3. வாடகை மென்பொருள் அதற்குச் சிவப்பு போட்டு, இந்தச் சரக்கை நிறுத்திவிடலாம் என்றது. எக்செலை வைத்து நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். "இல்லை நோட்டு" தொடங்கிய முதல் மாதம், அம்பை லைனில் மட்டும் 11 கடைக்காரர்கள் அதே பொடியைக் கேட்டிருந்தார்கள். புரட்டிப் பார்த்தால், டெப்போவிலிருந்து மாதத்துக்கு ஒரு தரம்தான் அது வருகிறது. பன்னிரண்டாம் தேதிவாக்கில் தீர்ந்துவிடுகிறது. மீதி நாட்களில் விற்கவில்லை, ஏனென்றால் இல்லை. இல்லாததை விற்க முடியாது, விற்காதது பில்லில் வராது, பில்லில் வராததை யாரும் கேட்கவில்லை என்று கம்ப்யூட்டர் நினைக்கும். அதனால் இன்னும் குறைவாக வாங்கச் சொல்லும். இந்தச் சுழலில் மாட்டிக்கொண்டால் எவ்வளவு பெரிய மென்பொருளும் நல்ல சரக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொன்றுவிடும். இப்போது மாதத்துக்கு இரண்டு தரம் வரவழைக்கிறோம்.

வண்டிக்கு எந்த வழி என்று மென்பொருள் சொல்லும் வசதியைப் பற்றியும் கேட்டார்கள். யுபிஎஸ் என்ற அமெரிக்கக் கூரியர் கம்பெனி மாதிரி ஆயிரக்கணக்கில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு அது எரிபொருளில் பெரும் மிச்சம். இரண்டு குட்டியானைக்கு? எந்த ரயில்வே கேட் எத்தனை மணிக்கு மூடும் என்று எங்கள் டிரைவருக்குத் தெரியும். அதை அதோடு விட்டுவிட்டோம்.

எல்லோருக்கும் எக்செல்தான் என்று நான் சொல்லவில்லை. தென்காசிப் பக்கம் மூன்று கிளை சூப்பர்மார்க்கெட் வைத்திருக்கும் நண்பர் கேட்டபோது, யோசிக்காமல் வாடகை மென்பொருளைப் போடச் சொன்னேன். அவர் கடையில் ஒவ்வொரு பொருளும் ஸ்கேன் ஆகிறது. வாடிக்கையாளர் என்ன எடுத்தார் என்பதே தெரிகிறது. பால், தயிர், ரொட்டி, காய் என்று நாலே நாளில் கெடும் சரக்கு. ஒரு கிளையில் மிஞ்சுவதை இன்னொரு கிளைக்கு மாற்றலாம். குற்றால சீசனில் அருவியில் தண்ணீர் விழுகிறதா இல்லையா என்பதைப் பொறுத்து நாளுக்கு நாள் கூட்டம் மாறும். இத்தனையையும் ஒரு ஆள் தலையில் வைத்துக்கொள்ள முடியாது, எக்செலிலும் மூச்சு முட்டும். மறுமுனையில், டவுனில் இருட்டுக்கடை மாதிரி சாயங்காலம் திறந்து அன்றைய அல்வா தீர்ந்ததும் மூடுகிற கடைக்கு இந்தக் கட்டுரையே தேவை இல்லை.

வாடகைக்கு எடுப்பதென்றால் கையெழுத்துக்கு முன் நான் கேட்கச் சொல்வது: விலகும் நாளில் என் கணக்கு முழுவதையும் எக்செல் கோப்பாகத் திருப்பித் தருவீர்களா? எந்தக் கடை எவ்வளவு பாக்கி என்ற விவரம் யார் கண்ணில் படும்? ஒரே சரக்கைச் சரம், பெட்டி, பாக்கெட் என்று மூன்று அலகில் பில் போட்டால் தானாக மாற்றிக்கொள்ளுமா? ஒரு வாரத்தை விலக்கு என்று குறிக்க முடியுமா? கடைசியாக, சரக்கு கையில் இல்லாத நாட்களைக் கணிப்பில் எப்படி எடுத்துக்கொள்கிறது? எங்களிடம் வந்தவர் முதல் நான்குக்கும் டக் டக்கென்று பதில் சொன்னார். ஐந்தாவதற்கு, ஆபீசில் கேட்டுச் சொல்கிறேன் என்றார்.

இரண்டு வருடக் கணக்கு சுத்தமான அலகில் சேர்ந்த பிறகு மென்பொருளை மறுபடியும் ஓட்டிப் பார்ப்பதாக அத்தானிடம் ஒத்துக்கொண்டிருக்கிறேன். நாற்பது பக்க நோட்டை அன்றைக்கும் நிறுத்தப் போவதில்லை.

ஆரம்பத்தில் மாமா அந்த நோட்டைத் தொடவே இல்லை. "எல்லாம் எனக்குத் தெரியும்லா" என்பார். போன வாரம் கணக்கு ஒட்ட உட்கார்ந்தபோது, வள்ளியூர் லைன் நோட்டின் பின்னட்டையில் அவருடைய சாய்ந்த கையெழுத்து இருந்தது. ஏர்வாடிக்குப் பக்கத்து ஊர் ஒன்றின் பெயர், அதற்கு நேரே: "ஆவணி 2-வது செவ்வாய் கொடை. போன தடவை கற்பூரம் பத்தல. 2 பெட்டி கூட."